கடலுக்கு அடியில் ஓர் இடுகாடு



சென்ற தீபாவளிக்கு மறுநாள், பீடோரில் என் வீட்டுக்கு ஓர் இளைஞன் வந்தான். பல ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்தவன். இன்று தியோமான் தீவில் முக்குளிப்பு வழிகாட்டியாக வேலை செய்கிறான். பால்மரத் தோட்டத்து லயத்தில் பிறந்து, பீடோர் ஆற்றில் நீச்சல் பழகிய பையன், இன்று கடலுக்கு அடியில் வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டுகிறான் என்றால் எனக்கும் பெருமைதானே!

அவன் ஒரு பையில் தன் முகமூடியையும், காலில் மாட்டும் துடுப்பையும் கொண்டு வந்திருந்தான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் முறுக்கையும் அதிரசத்தையும் மறந்து அவனைச் சூழ்ந்து கொண்டார்கள். குவாந்தான் கடலுக்கு அடியில் கிடக்கும் இரண்டு போர்க்கப்பல்களைப் பற்றி அவன் சொல்லிக் கொண்டிருந்தபோது, ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு பையன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "சார், அவ்வளவு பெரிய இரும்பா? வெட்டி வித்தா எவ்வளவு வெள்ளி கிடைக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழைய இரும்பு வாங்கும் லோரி வாரம் ஒருமுறை எங்கள் பக்கம் வருகிறது. பையன் அதைப் பார்த்து வளர்ந்தவன். ஆனால் இரவில் படுத்த பிறகு அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. அந்தப் பையனுக்கு நான் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன்.

இரண்டு மணி நேரத்தில் மூழ்கிய பெருமை

நம் நாட்டின் கிழக்குக் கரையில், குவாந்தானிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில், தென்சீனக் கடலின் அடியில் அந்த இரண்டு கப்பல்களும் கிடக்கின்றன. ஒன்றின் பெயர் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்'. மற்றொன்று 'ரிப்பல்ஸ்'. இரண்டும் பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்தவை. முதலாவது 227 மீட்டர் நீளம். இரண்டாவது 242 மீட்டர். இரண்டு காற்பந்துத் திடல்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால்கூட அந்த நீளம் வராது!

'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்' அப்போது புத்தம் புதிய கப்பல். 1941-ம் ஆண்டு மே மாதத்தில், ஜெர்மனியின் புகழ்பெற்ற 'பிஸ்மார்க்' போர்க்கப்பலோடு மோதிய கப்பல் அது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் அதில் ஏறிச் சென்றுதான் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டைச் சந்தித்தார். இத்தகைய கப்பலை மலாயாவைக் காக்க அனுப்பினார்கள். அது சிங்கப்பூரில் வந்து நின்றபோது, இனி ஜப்பான்காரன் பக்கத்தில் வரமாட்டான் என்றே பலரும் நம்பினார்கள்.

1941-ம் ஆண்டு டிசம்பர் 8-ம் தேதி, நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையேறியது. அன்று மாலையே இந்த இரண்டு கப்பல்களும் நான்கு துணைக் கப்பல்களோடு சிங்கப்பூரிலிருந்து வடக்கே புறப்பட்டன. தலைமை தாங்கியவர் கடற்படைத் தளபதி டாம் பிலிப்ஸ். அவர்களுக்குத் துணையாகப் பறக்கப் போர் விமானம் ஒன்றுகூட இல்லை. குவாந்தானிலும் ஜப்பானியர் இறங்கிவிட்டார்கள் என்று ஒரு செய்தி வரவே, கப்பல்கள் அந்தப் பக்கம் திரும்பின. போய்ப் பார்த்தால் அங்கே யாரும் இல்லை. செய்தி பொய்!

டிசம்பர் 10-ம் தேதி காலை பதினொரு மணிக்கு மேல், இந்தோசீனாவிலிருந்து வந்த ஜப்பானிய விமானங்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கின. எண்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் குண்டுகளையும், நீருக்குள் பாயும் டோர்பிடோக்களையும் வீசின. பகல் 12.33-க்கு 'ரிப்பல்ஸ்' மூழ்கியது. ஒரு மணி இருபது நிமிட அளவில் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்' கவிழ்ந்து மறைந்தது. சிங்கப்பூரிலிருந்து உதவிக்குப் பறந்து வந்த விமானங்கள் அந்தக் கடைசி நேரத்தில்தான் வந்து சேர்ந்தன. சுட்டு வீழ்த்தப்பட்ட ஜப்பானிய விமானங்கள் மூன்றே மூன்று.

கப்பல்களில் இருந்தவர்கள் ஏறக்குறைய 2,900 பேர். துணைக் கப்பல்கள் 2,000-க்கும் மேற்பட்டவர்களைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றின. 840 பேர் மாண்டார்கள். தளபதி பிலிப்சும் அவர்களில் ஒருவர். இறந்தவர்களில் பலர் கப்பலுக்குள்ளேயே சிக்கிக் கப்பலோடு போனவர்கள். நடுக்கடலில் ஓடிக்கொண்டும் சண்டையிட்டுக் கொண்டும் இருந்த பெரும் போர்க்கப்பல்களை விமானங்கள் மட்டுமே தனித்து அழித்தது உலகில் அதுவே முதல் தடவை.

அதற்கும் பீடோருக்கும் என்ன தொடர்பு?

"எங்கேயோ கிழக்குக் கடலில் நடந்தது, நமக்கென்ன?" என்று நீங்கள் நினைக்கலாம். நம் பெரிய சாலையில் நின்று யோசித்துப் பாருங்கள்.

அந்த இரண்டு கப்பல்களும் போனதோடு, மலாயாவின் கடலைக் காக்கப் பெரிய போர்க்கப்பல் எதுவும் மிஞ்சவில்லை. ஜப்பானியப் படைகள் வடக்கிலிருந்து வேகமாக இறங்கி வந்தன. டிசம்பர் மாத முடிவுக்குள் ஈப்போ வீழ்ந்தது. கம்பாரில் 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கடும் சண்டை நடந்தது. அங்கே பிரிட்டிஷாரோடு தோளுக்குத் தோள் நின்று போராடியவர்களில் சீக்கியரும் கூர்க்காக்களும் ஏராளம். ஜப்பானியர் மேற்குக் கரையில் படகுகளில் வந்து பின்புறமாக இறங்கவே, கம்பாரை விட்டுப் பின்வாங்க வேண்டியதாயிற்று. தாப்பா, பீடோர், சுங்கை என்று நம் சாலை வழியாகவே படைகள் தெற்கே சென்றன. ஜனவரி 7-ம் தேதி சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் அந்தப் படைகளை நொறுக்கின. நான்கே நாளில், ஜனவரி 11-ம் தேதி, கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15-ம் தேதி சிங்கப்பூரும் சரணடைந்தது.

ஜப்பான்காரனுக்கு இந்த மண்மேல் ஏன் இத்தனை ஆசை? நம்மவர்கள் சீவிய ரப்பரும், லம்பத்தில் எடுத்த ஈயமும் அவனுக்கு வேண்டியிருந்தன. ஆனால் மண்ணைப் பிடித்த பிறகு, மண்ணில் வேலை செய்தவர்களையும் அவன் எடுத்துக் கொண்டான். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டு போனான். அவர்களில் திரும்பி வராதவர்கள் எத்தனையோ பேர். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கடலுக்குள் இறங்குவோம்.

தண்ணீருக்குள் மூச்சு விடுவது எப்படி?

முதுகில் காற்றுப் புட்டியைக் கட்டிக்கொண்டு நீருக்குள் மூச்சு விடும் முறையை 'ஸ்கூபா' என்கிறார்கள். 1943-ம் ஆண்டில் பிரான்சு நாட்டில் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும், கான்யான் என்ற பொறியியலாளரும் இதற்கான நல்ல கருவியை உருவாக்கினார்கள். நாம் இழுக்கும்போது மட்டும், நாம் இருக்கும் ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்றைத் தரும் கருவி அது. ஆரம்ப காலத்து முகமூடி, மூச்சுக் குழாய், கால் துடுப்பு எல்லாம் ரப்பரில் செய்யப்பட்டவை. விடியற்காலையில் நம் பாட்டிமார் சீவிய பால் எந்தெந்தக் கடலின் அடியைப் பார்த்து வந்ததோ! இப்போது முகமூடிக்கு சிலிக்கோனும், உடுப்புக்குச் செயற்கை ரப்பரும் வந்துவிட்டன.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் ஆழம் என்பது விளையாட்டல்ல. ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும், தரையில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவு அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. 'ரிப்பல்ஸ்' கிடப்பது சுமார் 56 மீட்டர் ஆழத்தில். அங்கிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தள்ளி, 68 மீட்டர் ஆழத்தில் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்' தலைகீழாகக் கிடக்கிறது. அங்கே அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு. மூச்சுக்குச் செலவாகும் காற்றும் எட்டு மடங்கு. தரையில் இரண்டு மணி நேரம் வரக்கூடிய ஒரு புட்டிக் காற்று அங்கே பதினைந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்!

அது மட்டுமல்ல. நாம் சுவாசிக்கும் காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். முப்பது மீட்டரைத் தாண்டினால் அது மூளையை மயக்கத் தொடங்கும். கள்ளுக்கடையிலிருந்து திரும்புகிறவரைப் பார்த்திருப்பீர்களே! சிரிப்பார், பாடுவார், வழியை மட்டும் மறந்துவிடுவார். அறுபது மீட்டருக்குக் கீழே அப்படி ஒருவர் வழியை மறந்தால் வீடு திரும்ப முடியாது. அந்த ஆழத்தில், உயிர் காக்கும் பிராணவாயுவே அளவுக்கு மிஞ்சி வலிப்பை உண்டாக்கவும் கூடும். ஆகையால் அங்கே செல்பவர்கள் சாதாரணக் காற்றை விட்டு, ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசிக்கிறார்கள்.

இறங்குவதைவிட ஏறுவது கடினம். ஆழத்தில் இருக்கும்போது வாயு இரத்தத்திலும் தசையிலும் கரைந்துவிடுகிறது. சோடாப் புட்டியைச் சட்டென்று திறந்தால் நுரை பொங்குகிறதல்லவா? அவசரமாக மேலே வந்தால் உடம்புக்குள் அதுதான் நடக்கும். மூட்டுவலி, பக்கவாதம், சில சமயம் மரணம். எனவே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குறிப்பிட்ட ஆழங்களில் நின்று நின்று வர வேண்டும். அடியில் இருபது நிமிடம் இருந்தவர், மேலே வர ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். "சார், அந்த நேரத்துல பொறுமைதான் மூச்சு" என்றான் என் மாணவன்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு 18 மீட்டர்தான் எல்லை. நன்றாகப் பழகிய பொழுதுபோக்கு முக்குளிப்பாளர்களுக்கும் 40 மீட்டரே எல்லை. ஆகவே இந்த இரண்டு கப்பல்களும் தனிப் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே உரியவை. என் மாணவனும் இன்னும் அங்கே போனதில்லை. போய் வந்தவர்கள் சொல்லக் கேட்டவன்தான். ஆனால் அவன் லாபுவானில் முக்குளித்திருக்கிறான். அங்கே 1945-ம் ஆண்டு ஜூன் மாதம் கடற்கண்ணி வெடித்து மூழ்கிய 'சல்யூட்' என்ற அமெரிக்கக் கப்பல் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. இலங்கையில் நம் தமிழர் வாழும் மட்டக்களப்புக் கடலிலும், 1942 ஏப்ரல் 9-ம் தேதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த 'ஹெர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. அதில் மாண்டவர்கள் 307 பேர்.

கொடியும் மணியும்

குவாந்தான் கடலில் இறங்கியவர்கள் சொல்வது இதுதான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். முதலில் ஒன்றும் தெரியாது. நீல இருட்டு மட்டுமே. பிறகு காலுக்குக் கீழே ஒரு மலைமுதுகு போல் கப்பலின் அடிவயிறு தெரியும். அதன்மேல் பவளச் செடிகள், கடற்பூக்கள். சுற்றிலும் களவாய் மீன்கள். எங்கு பார்த்தாலும் சிக்கிக் கிழிந்த மீன்வலைகள். உயிரைக் குடித்த இடத்தில் இத்தனை உயிர்கள் குடியிருக்கின்றன!

அந்தக் கப்பல்களில் இங்கிலாந்துக் கடற்படையின் வெள்ளைக் கொடியைக் கட்டி வைத்திருக்கிறார்கள். கொடி நைந்து போனால் முக்குளிப்பவர்கள் இறங்கிப் புதிய கொடி கட்டுவார்கள். பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அந்த வழியே போனால் அஞ்சலி செலுத்திவிட்டுப் போகும். 2001-ம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு தன் சட்டத்தின் கீழ் இரண்டையும் பாதுகாக்கப்பட்ட இடங்களாக அறிவித்தது. முக்குளிப்பவர்களுக்கு அங்கே ஒரே விதி: பார்க்கலாம், தொடக்கூடாது. உள்ளே நுழையக்கூடாது. ஒரு கரண்டியைக்கூட எடுத்து வரக்கூடாது.

ஒரே ஒரு பொருளைத்தான் அனுமதியோடு எடுத்தார்கள். அது 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்' கப்பலின் மணி. திருடர்கள் கையில் சிக்கிவிடும் என்று அஞ்சி, 2002-ம் ஆண்டு அதை மேலே கொண்டுவந்து இங்கிலாந்தில் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அந்த அச்சம் வீணல்ல என்பது பிறகு தெரிந்தது.

இரும்புக்காக வந்தவர்கள்

2014-ம் ஆண்டு வாக்கில் இறங்கிப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். இரண்டு கப்பல்களிலும் பெரும் சுழல்விசிறிகள் இல்லை! வெண்கலம் நல்ல விலை போகும் அல்லவா? வெடிவைத்துப் பெயர்த்து எடுத்துப் போயிருந்தார்கள். 2023-ம் ஆண்டு மே மாதத்தில், நம் நாட்டுக் கடல்சார் அமலாக்க நிறுவனம் ஜொகூர் கடலில் ஒரு வெளிநாட்டுக் கப்பலைப் பிடித்தது. அதில் இருந்தவர்கள் 32 பேர். பாரந்தூக்கியும், துருப்பிடித்த இரும்பும், பழைய பீரங்கிக் குண்டுகளும் அதில் இருந்தன. இந்த இரண்டு கப்பல்களிலிருந்து கொள்ளையடிக்கப்பட்டவை என்ற சந்தேகம் எழுந்தது. ஜொகூரில் ஒரு பழைய இரும்புக் கிடங்கிலும் வெடிக்காத குண்டுகள் அகப்பட்டன.

இதைவிடக் கொடுமை ஜாவாக் கடலில் நடந்தது. 1942-ல் அங்கே மூழ்கிய டச்சுப் போர்க்கப்பல்களைப் பார்க்க 2016-ம் ஆண்டு முக்குளிப்பவர்கள் சென்றார்கள். 'டி ராய்டர்', 'ஜாவா' என்ற இரண்டு பெரிய கப்பல்களும் அடியோடு காணவில்லை! கடலடி மண்ணில் கப்பல் படுத்திருந்த பள்ளம் மட்டும் இருந்தது. இரும்போடு சேர்ந்து அதற்குள் கிடந்தவர்களின் எலும்புகளும் போய்விட்டன.

வாசகர்களே, இரும்பை வெட்டியவர்களும் ஏழைத் தொழிலாளிகளாகவே இருந்திருப்பார்கள். வயிற்றுப்பாட்டுக்காக வந்தவர்களை நான் திட்ட வரவில்லை. அவர்களை இறக்கிவிட்டு இலாபம் பார்த்தவர்களுக்கு, கப்பலுக்குள் இருப்பவர்கள் யாரோ எவரோ. அதுதான் என்னை வருத்துகிறது. யாரோ எவரோ என்றால் எதையும் செய்துவிடலாம் அல்லவா?

நம் கல்லறைகள் எங்கே?

இப்போது சயாமுக்கு வருகிறேன். என் பாட்டிக்கு ஓர் அண்ணன் இருந்தார். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லித் தோட்டத்திலிருந்து அழைத்துப் போனார்கள். அவர் திரும்பவே இல்லை. காய்ச்சலா, கழிச்சலா, அடியா, பசியா? எதனால் இறந்தார், எந்த நாளில் இறந்தார் என்று சொல்ல யாரும் வரவில்லை. நாள் தெரியாததால், பாட்டி ஒவ்வோர் ஆடி அமாவாசையிலும் அவருக்கு ஓர் இலை போட்டுப் படைப்பார். சோறு, கருவாட்டுக் குழம்பு, ஒரு சுருட்டு. "எந்த மூங்கில் காட்டுல கெடக்கானோ, எம்மண்ணே" என்பார். நான் சிறுவனாக இருந்தபோது, அந்தச் சுருட்டை யார் புகைப்பார்கள் என்பதே எனக்குப் பெரிய கேள்வி.

காஞ்சனாபுரியில் அந்த ரயில் பாதையில் மாண்ட போர்க்கைதிகளுக்கு அழகான மயானம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கல். நம்மவர்களில் பெரும்பாலோர் பெயரில்லாத குழிகளிலும் காட்டு ஓரங்களிலும் கிடக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் நம் நாட்டுத் தமிழர் சிலர் முயன்று, காஞ்சனாபுரியில் ஒரு நடுகல் நாட்டியிருக்கிறார்கள். எண்பது ஆண்டுகள் கழித்தாவது ஒரு கல் கிடைத்தது.

அதற்குள், இங்கே நாம் எத்தனை கற்களை இழந்தோம்! நான் பிறந்த தோட்டம் கைமாறியது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. ஒருநாள் இடுகாட்டு மேட்டில் மண்வாரி இயந்திரம் ஏறியது. பெரியவர்கள் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் பாதி மேடு சமமாகிவிட்டது. என் தாத்தாவின் கல் அந்தப் பாதியில் இருந்தது. இயந்திரம் ஓட்டியவர் நல்லவர்தான். "யாரும் சொல்லலையே, இங்க ஆளுங்க படுத்திருக்காங்கன்னு" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு பலகை இல்லை, ஒரு பதிவு இல்லை. தெரிந்தவர்கள் இறந்து போனதும், அந்த இடம் வெறும் மேடாகிவிட்டது.

குவாந்தான் கடலில் மாண்டவர்களுக்கு ஓர் அரசு இருக்கிறது. பெயர்ப் பட்டியல் இருக்கிறது. கொடி மாற்ற ஆள் இருக்கிறது. அவர்களையே கொள்ளையடிக்கிறார்கள் என்றால், நம்மவர்களைக் காக்க நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்?

பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள்

பள்ளி திறந்த மறுவாரம் அந்தப் பையனைக் கூப்பிட்டேன். "நீ கேட்டதுக்குப் பதில் சொல்றேன்" என்று இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிறிது நேரம் சும்மா நின்றான். பிறகு, "சார், எங்க பாட்டியோட அப்பாவும் சயாமுக்குப் போனாராம். அவரு பேரு எனக்குத் தெரியாது" என்றான். "கேட்டு எழுதிக்கொண்டு வா" என்றேன். இரண்டு நாள் கழித்து ஒரு தாளில் பெயரும், தோட்டத்தின் பெயரும், அவருக்குப் பாட நன்றாக வரும் என்ற ஒரு வரியும் எழுதிக் கொண்டு வந்தான். இப்போது எங்கள் வகுப்பில் அதற்கென ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் இருக்கிறது. இதுவரை பதினான்கு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் இன்றே கேளுங்கள். சயாமுக்குப் போனவர் யார், எந்தத் தோட்டத்திலிருந்து போனார், வந்தாரா இல்லையா என்று எழுதுங்கள். தோட்டத்து இடுகாடு எங்கே இருந்தது, எந்த மரத்துக்குப் பக்கத்தில் யார் கல் என்பதையும் எழுதுங்கள். அவர்கள் போன பிறகு கேட்க ஆள் இருக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சண்டை நடந்த மண் நம் மண். ஆற்றோரத்திலோ தோட்டத்திலோ குண்டு போன்ற பழைய இரும்பைக் கண்டால், விலைக்குப் போகும் என்று கையால் தொடாதீர்கள். எண்பது ஆண்டு ஆனாலும் அது வெடிக்கும். தள்ளி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகளும் என் மாணவனைப்போல் நீந்தப் பழகட்டும். முறையாகக் கற்றுக் கடலுக்குள் இறங்கட்டும். அங்கே மூழ்கிய கப்பலைக் கண்டால், பார்த்துவிட்டுக் கைகூப்பி மேலே வரட்டும். உள்ளே படுத்திருப்பவர்களும் ஒரு வீட்டுப் பிள்ளைகளே. ஏதோ ஒரு வீட்டில் ஒரு பாட்டி, எம்மண்ணே என்று அவர்களுக்காகவும் அழுதிருப்பாள்.